சட்டத்தில் எழுதிய எண் இயந்திரத்தின் அளவாகும் கதை: மாற்று எரிசக்தியை அரசுக் கொள்கை எப்படி வடிவமைக்கிறது?

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1984 முதல் 1990 வரை கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி டர்பைனை ஓட்டும் ஒன்பது சூரிய வெப்ப மின்நிலையங்கள் கட்டப்பட்டன. முதலாவது சுமார் 14 மெகாவாட். அடுத்த ஆறும் சொல்லி வைத்தாற்போல் 30 மெகாவாட். கடைசி இரண்டும் 80 மெகாவாட். நீராவி டர்பைனைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். டர்பைன் பெரிதாகப் பெரிதாக அதன் செயல்திறன் கூடும், ஒரு மெகாவாட்டுக்கான செலவு இறங்கும். அப்படியிருக்க, ஒரே மாதிரியான சின்ன டர்பைன்களை ஏன் ஆறு முறை திரும்பத் திரும்பக் கட்டினார்கள்?

விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு மின்கொள்முதல் சட்டம், சிறு உற்பத்தியாளர்களிடம் மின்சாரம் வாங்கியே தீரவேண்டும் என்று மின்நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் முழுச் சலுகையும் கிடைக்க நிலையம் 30 மெகாவாட்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. பிறகு வரம்பு 80 ஆனது, நிலையமும் 80 ஆனது. பகலில் மேகம் மறைத்தால் எரிக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் 25 சதவீதம் என்று சட்டம் கோடு போட்டிருந்தது. கொதிகலன் அந்தக் கோட்டுக்குத் தகுந்தபடி வடிவமைக்கப்பட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து ஸ்பெயினிலும் இதேதான் நடந்தது. அங்கே சிறப்புக் கொள்முதல் விலை 50 மெகாவாட் வரையுள்ள நிலையங்களுக்குத்தான். எனவே ஸ்பெயினின் சூரிய வெப்ப நிலையங்கள் வரிசையாக 50 மெகாவாட்டிலோ அதற்கு மயிரிழை குறைவாகவோ எழுந்தன. ஆனால் அங்கு ஒரு நல்ல விளைவும் சேர்ந்துகொண்டது. விலை யூனிட்டுக்குத் தரப்பட்டது, வரம்போ மெகாவாட்டுக்கு மட்டும்தான் இருந்தது. டர்பைனைப் பெரிதாக்க முடியாதவர்கள் அதை அதிக நேரம் ஓட்ட வழி தேடினார்கள். கிரனாடா அருகேயுள்ள அந்தசோல் நிலையத்தில் ஐந்து லட்சம் சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடிப் பரப்பும், 28,500 டன் உருகிய உப்பும் வைத்தார்கள். உப்பு 60 சதவீதம் சோடியம் நைட்ரேட், 40 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட். குளிர்த் தொட்டியில் சுமார் 290 டிகிரி, வெப்பத் தொட்டியில் சுமார் 390 டிகிரி செல்சியஸ். சூரியன் மறைந்த பிறகும் டர்பைனை ஏழரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்ட அந்த வெப்பம் போதும். உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் தொழில்நுட்பம் வணிக அளவில் வேரூன்றியதில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

மாற்று எரிசக்திக் கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக "எவ்வளவு மானியம்" என்றே கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த மானியம் எதை அளந்து தரப்படுகிறது என்பதுதான். நிறுவிய கிலோவாட்டையா, உற்பத்தியான யூனிட்டையா, விண்ணப்பித்த தேதியையா, இயக்கிய தேதியையா? விதி எந்த அளவுகோலை எடுக்கிறதோ, பொறியாளர்கள் அதற்கேற்றபடிதான் கட்டுவார்கள். சீனாவில் 50 மெகாவாட்டுக்குக் கீழுள்ள காற்றாலைத் தொகுதிகளுக்கு மாநில அளவிலேயே அனுமதி கொடுக்கலாம் என்று இருந்த காலத்தில் 49.5 மெகாவாட் தொகுதிகள் பெருகின. ஒன்றரை மெகாவாட் காற்றாலைகள் 33 நிறுத்தினால் சரியாக அந்தக் கணக்கு வரும். ஜெர்மனியில் 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கூரை நிலையங்கள் சொந்த உபயோகத்துக்கும் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்று 2014இல் விதி வந்தது. பேனல் வைக்கக் கூரையில் இன்னும் இடமிருந்தும் 9.9 கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம்.

கிலோவாட்டா, யூனிட்டா?

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் காற்றாலை வைப்பவருக்கு மத்திய, மாநில வரிச்சலுகைகள் இரண்டும் சேர்ந்து முதலீட்டில் ஏறத்தாழ பாதியைத் திருப்பித் தந்தன. எவ்வளவு மின்சாரம் வந்தது என்பது அந்தக் கணக்கில் வராது. ஆண்டு முடிவதற்குள் கோபுரம் நின்றால் போதும். விளைவாக, களத்தில் சோதிக்கப்படாத இயந்திரங்கள் டிசம்பர் மாதத்தில் அவசர அவசரமாக ஏற்றப்பட்டன. இறக்கைகள் வேரிலேயே முறிந்தன. கியர்பாக்ஸ் பற்கள் தேய்ந்தன. அதிவேகக் காற்றில் பிரேக் பிடிக்காமல் சுழலிகள் தறிகெட்டு ஓடின. ஆல்டமான்ட் கணவாயில் ஓடாத காற்றாலைகள் நிற்கும் படம் பல ஆண்டுகளுக்கு இந்தத் துறையின் பெயரையே கெடுத்தது.

அதே காலத்தில் டென்மார்க்கும் முதலீட்டு மானியம்தான் கொடுத்தது. 1979இல் அது 30 சதவீதம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: ரிசோ ஆய்வுக்கூடத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் அந்த மாதிரிக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் இருக்க வேண்டும் என்று ரிசோ கேட்டது. எனவே தண்டில் ஒரு பிரேக்கும், இறக்கை நுனி தானாகத் திரும்பிக் காற்றைத் தடுக்கும் அமைப்பும் டேனிஷ் இயந்திரங்களில் வழக்கமாயின. 30, 55 கிலோவாட் அளவில் தொடங்கி, உடைந்ததைப் பார்த்துத் திருத்தி, படிப்படியாகத்தான் அவை பெரிதாயின. கலிபோர்னியாவின் சலுகை வேட்டையில் ஓடி நிலைத்த இயந்திரங்களில் பெரும் பங்கு டென்மார்க்கிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. 1985 முடிவில் அமெரிக்கச் சலுகை காலாவதியானபோது அந்தச் சந்தை ஒரே அடியில் சரிந்து, அடுத்த ஆண்டே டென்மார்க்கின் வெஸ்டாஸ் காற்றாலை நிறுவனம் கடனை அடைக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டதும் இதே கதையின் பகுதிதான்.

ஆராய்ச்சிப் பணத்தைக் கொட்டிப் பெரிய இயந்திரத்தை நேரடியாகக் கட்டிவிடலாம் என்ற வழியையும் அன்றைய அரசுகள் முயன்றன. ஜெர்மனியின் குரோவியான் காற்றாலை 3 மெகாவாட், 100 மீட்டர் விட்டம், இரண்டு இறக்கைகள். 1983 முதல் 1987 வரை நின்ற அது மொத்தமாக ஓடியது 420 மணி நேரம் அளவுக்குத்தான். உலோகச் சோர்வு பற்றிய களத் தரவு இல்லாமல் அளவை எட்டிப் பிடித்ததுதான் காரணம். சுழலி ஒவ்வொரு சுற்றிலும் கோபுரத்தைக் கடக்கும்போது இறக்கைக்கு ஒரு உதை விழும். ஆண்டுக்கு லட்சக்கணக்கான முறை அந்த உதையைத் தாங்கும் இணைப்பு எது என்பதை வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. சிறிய இயந்திரங்கள் நூற்றுக்கணக்கில் ஓடி உடைந்துதான் அந்த அறிவு வந்தது.

இந்தியாவில் நீண்ட காலம் காற்றாலையை வளர்த்தது விரைவுத் தேய்மானச் சலுகை. முதல் ஆண்டிலேயே முதலீட்டில் 80 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், லாபத்தில் வரி குறைக்க விரும்பிய ஜவுளி, சிமென்ட் நிறுவனங்கள் காற்றாலை வாங்கின. அவர்களுக்கு முக்கியம் மார்ச் 31க்குள் இயக்கச் சான்றிதழ். நல்ல காற்றுள்ள இடமா, உயரமான கோபுரமா என்பதெல்லாம் அடுத்தபட்சம். 2009இல் யூனிட்டுக்கு 50 பைசா என்ற உற்பத்தி ஊக்கத்தொகை இணையாக வந்தது. 2012 மார்ச்சோடு இரண்டுமே நின்றபோது, ஆண்டுக்குச் சுமார் 3,200 மெகாவாட்டாக இருந்த புதிய நிறுவல் அடுத்த ஆண்டு சுமார் 1,700 ஆக விழுந்தது.

முதலீட்டு மானியமே தவறு என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. மீட்டர் வைத்து யூனிட் கணக்கிட முடியாத இடங்களில், உதாரணமாக மின்கம்பி எட்டாத கிராமத்துச் சோலார் பம்புக்கு, அதைவிட எளிய வழி கிடையாது. தரச் சோதனை இல்லாத முதலீட்டு மானியம்தான் ஆபத்து.

அரசு கறாரான வாடிக்கையாளராக நின்றபோது

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் சோலார் பேனல். 1975க்கும் 1980களின் நடுப்பகுதிக்கும் இடையே அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் ஐந்து தொகுதிகளாகப் பேனல்கள் வாங்கியது. வாங்கிய அளவு சொற்பம். ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை விதிகள் கடுமையாயின. முதல் பேனல்களில் மேலுறையாக மென்மையான சிலிகோன் ரப்பர் இருந்தது. தூசி அதில் ஒட்டிக்கொண்டது, ஈரம் புகுந்து அடுக்குகள் பிரிந்தன. பகலில் விரிந்து இரவில் சுருங்கியதால் செல்களை இணைக்கும் நாடா அறுந்தது. ஓரிடத்தில் அறுந்தால் முழுப் பேனலும் போச்சு.

ஆய்வுக்கூடம் உடைந்த பேனல்களைத் தயாரிப்பாளருக்கே காரணத்தோடு திருப்பிக் காட்டியது. கெட்டிப்படுத்திய கண்ணாடி, அதன் கீழே எத்திலீன் வினைல் அசிடேட் படலம், செல்கள், மறுபடியும் படலம், பின்தாள் என்ற இன்றைய அடுக்கு அமைப்பு அப்போது உருப்பெற்றது. ஒவ்வொரு செல்லுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு நாடா, நிழல் விழுந்தால் மின்னோட்டத்தைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் டையோடு ஆகியவையும் நிலைபெற்றன. மைனஸ் 40 டிகிரியிலிருந்து 85 டிகிரி வரை 200 சுற்று, 85 டிகிரி வெப்பத்தில் 85 சதவீத ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம், 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எறிதல் என்று இன்று உலகெங்கும் பேனலுக்குச் செய்யப்படும் தகுதிச் சோதனைகளுக்கு அந்தத் தொகுதி விதிகளே மூலம். 25 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கும் துணிவு தொழிலுக்கு இங்கிருந்துதான் வந்தது. செலவழித்த தொகையோடு ஒப்பிட்டால், எரிசக்திக் கொள்கை வரலாற்றில் இவ்வளவு பலன் தந்த வேறொரு திட்டத்தைக் காட்டுவது கடினம்.

இதற்கு நேர் எதிர், இல்லாத தொழில்நுட்பத்தை ஆணையால் வரவழைக்கப் பார்ப்பது. 2007இல் அமெரிக்கச் சட்டம் சோளத்தட்டை, புல் போன்ற நார்ப்பொருளிலிருந்து எடுக்கும் எத்தனாலை 2010இல் 10 கோடி கேலன், 2022இல் 1,600 கோடி கேலன் கலக்க வேண்டும் என்றது. 2010க்கான இலக்கை 65 லட்சம் கேலனாகக் குறைத்தும் எட்ட முடியவில்லை. காரணங்கள் எல்லாம் ஆலைத் தரையில் இருந்தன. வயலிலிருந்து கட்டாக வரும் தட்டையோடு மண்ணும் கல்லும் சேர்ந்து வந்து அரவைக் கத்திகளையும் திருகுக் கடத்திகளையும் தின்றன. நாரை உடைக்க அமிலமும் நீராவியும் செலுத்தினால் பர்பியூரால், அசிட்டிக் அமிலம் போன்றவை பிரிந்து நொதித்தலைச் செய்யும் ஈஸ்ட்டை நசுக்கின. கிடைக்கும் சர்க்கரையில் கணிசமான பகுதி ஐந்து கார்பன் கொண்ட சைலோஸ். சாதாரண ஈஸ்ட் அதைத் தொடாது. உற்பத்தியே ஆகாத எரிபொருளை வாங்கவில்லை என்பதற்காகச் சுத்திகரிப்பு ஆலைகள் பணம் கட்டின. 2013 ஜனவரியில் நீதிமன்றம் முந்தைய ஆண்டின் நார் எத்தனால் அளவை ரத்து செய்தது.

ஆணை வென்ற இடமும் உண்டு. பிரேசில் 1975இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியபோது கரும்பு, ஆலை, நொதித்தல் மூன்றும் ஏற்கெனவே கைவசம் இருந்தன. 1979இல் முழு எத்தனால் கார் வந்தது. 1980களின் நடுவில் புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் எத்தனாலில் ஓடின. பிறகு கச்சா எண்ணெய் மலிந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரைக்குத் திரும்பின. 1989இலும் 1990இலும் பம்புகளில் எத்தனால் இல்லை. அதற்கென்றே உயர் அமுக்கத்தில் செய்த எஞ்சினில் பெட்ரோல் ஊற்றவும் முடியாது. வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த அச்சம் தீரப் பல ஆண்டுகள் ஆயின. 2003இல் வந்த இரட்டை எரிபொருள் கார், புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரியின் அளவீட்டை வைத்தே தொட்டியில் எந்தக் கலவை இருக்கிறது என்று ஊகித்து எரிபொருள் அளவைத் திருத்திக்கொண்டது. முழு எத்தனால் எஞ்சின் அளவுக்குச் சிக்கனம் வராது. ஆனால் விலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கார் ஓடும். கொள்கையின் நிச்சயமின்மையை எஞ்சினுக்குள்ளேயே சமாளித்த அரிய வடிவமைப்பு இது.

வட்டி என்னும் மறைந்த உதிரிபாகம்

அனல் மின்நிலையத்தின் ஆயுட்காலச் செலவில் எரிபொருள் பெரும்பகுதி. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவே இல்லை. கிட்டத்தட்ட எல்லாச் செலவும் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது, அது கடனாக இருக்கிறது. அதனால் வட்டி விகிதம்தான் இங்கே எரிபொருள் விலையின் இடத்தில் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோவாட் நிலையத்துக்கு 1,000 டாலர் செலவு, ஆண்டுக்கு 1,600 யூனிட் உற்பத்தி, 20 ஆண்டு ஆயுள் என்று வைப்போம். 4 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை சுமார் 73.6 டாலர், யூனிட்டுக்கு 4.6 சென்ட். 10 சதவீத வட்டியில் தவணை 117.5 டாலர், யூனிட்டுக்கு 7.3 சென்ட். பேனல் அதேதான், வெயிலும் அதேதான், விலை மட்டும் 60 சதவீதம் கூடிவிட்டது. கடன் கொடுப்பவர் அந்த வட்டியைத் தீர்மானிப்பது, அரசு சொன்ன விலையை 20 ஆண்டும் தரும் என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை வைத்துத்தான்.

ஜெர்மனியின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் காற்றுக்கும் சூரியனுக்கும் சில்லறை மின்விலையில் 90 சதவீதம் தரச் சொன்னது. மின்விலை இறங்கினால் வருமானமும் இறங்கும். சூரிய மின்சாரத்துக்கு அந்த விலை எந்த வகையிலும் போதவில்லை. 2000 ஏப்ரலில் வந்த சட்டம் இரண்டையும் சரிசெய்தது: சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 50.6 யூரோ சென்ட், 20 ஆண்டுக்கு மாறாத விலை. கூடவே, ஆண்டுதோறும் புதிதாக வருபவருக்கு 5 சதவீதம் குறைவு. தாமதித்தால் குறைந்த விலைதான் கிடைக்கும் என்பதால் செலவைக் குறைக்கும் நெருக்கடி தானாக உருவானது.

இதில் பிழை நுழைவது குறைப்பு வேகத்தில்தான். சோலார் பேனலின் உலகளாவிய மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்து வந்திருக்கிறது. எல்லா நாட்டின் வேகமும் சேர்ந்து தீர்மானிக்கும் இந்தச் சரிவை ஒரு நாட்டின் சட்டத்தில் முன்கூட்டியே எண்ணாக எழுத முடியாது. ஸ்பெயின் 2007இல் 44 சென்ட் வரை அறிவித்தபோது எதிர்பார்த்தது 2010க்குள் சுமார் 400 மெகாவாட். இலக்கு நெருங்கியதும் பழைய விலைக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்து 2008 செப்டம்பர் இறுதி என்று தேதி குறித்தார்கள். அந்த ஓராண்டில் 2,500 மெகாவாட்டுக்கு மேல் ஏறியது. உலகில் கிடைத்த பேனல் எல்லாம் அங்கே போனது. மூலப்பொருளான பாலிசிலிக்கான் உடனடிச் சந்தையில் கிலோ 400 டாலரைத் தாண்டியது. பிறகு ஆண்டுக்கு 500 மெகாவாட் என்று உச்சவரம்பு வந்ததும் சந்தை அடங்கிவிட்டது. வாங்கிய மின்சாரத்துக்கும் மக்களிடம் வசூலித்த கட்டணத்துக்குமான இடைவெளி ஆயிரக்கணக்கான கோடி யூரோவாகக் குவிந்தபோது, ஏற்கெனவே கட்டிய நிலையங்களின் வருமானத்திலும் அரசு கைவைத்தது. முதலீட்டாளர்கள் சர்வதேசத் தீர்ப்பாயங்களுக்குப் போனார்கள். வாக்கை முறித்தால் அதன் விலை அடுத்த இருபது ஆண்டு வட்டியில் தெரியும்.

ஜெர்மனியும் இந்த வெள்ளத்தைப் பார்த்தது. 2010 முதல் 2012 வரை ஒவ்வோர் ஆண்டும் ஏழாயிரம் மெகாவாட்டுக்கு மேல். ஜனவரியில் விலை குறையும் என்பதால் 2011 டிசம்பரில் மட்டும் சுமார் 3,000 மெகாவாட். ஆனால் அவர்கள் பழைய நிலையங்களின் விலையைத் தொடவில்லை. குறைப்பை மாதத்துக்கு ஒருமுறையாகப் பிரித்து, கடந்த மாதங்களில் எவ்வளவு ஏறியது என்பதோடு கட்டினார்கள். ஆண்டுக்கு 2,500 முதல் 3,500 மெகாவாட் என்ற வரம்புக்குள் இருந்தால் மாதம் ஒரு சதவீதம் குறையும், மீறினால் குறைப்பு வேகமெடுக்கும். படியாக விழுந்த விலை சரிவாக மாறியதும் டிசம்பர் அவசரம் தணிந்தது.

விலை எந்த நாளில் உறுதியாகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. ஜப்பான் 2012இல் யூனிட்டுக்கு வரி சேர்த்து 42 யென் அறிவித்து, அனுமதி பெறும் நாளிலேயே அதை உறுதிசெய்தது. புத்திசாலி விண்ணப்பதாரர் அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு பேனல் விலை இறங்கட்டும் என்று காத்திருந்தார். மின்தொகுப்பில் (கிரிட்) இணைப்பு இடம் கட்டப்படாத நிலையங்களின் பெயரில் அடைபட்டுக் கிடந்தது. 2017இல் கட்டி முடிக்கக் காலக்கெடு வைத்த பிறகே அது அவிழத் தொடங்கியது.

அமெரிக்கக் காற்றாலை வரிச்சலுகைக்கு வேறு நோய். 1992இல் வந்த அது யூனிட் அடிப்படையிலானது, வடிவமைப்பு நல்லது. ஆனால் நீண்ட காலம் ஓரிரு ஆண்டுக்கு மட்டுமே நீட்டிக்கப்பட்டு வந்தது. 2012இல் சுமார் 13,000 மெகாவாட், காலாவதி அச்சத்துக்குப் பின் 2013இல் சுமார் 1,100 மெகாவாட். இறக்கை அச்சு செய்யவும் வார்ப்பட ஆலை போடவும் ஐந்து ஆண்டு வேலை உறுதி வேண்டும். சட்டம் அதைத் தரவில்லை.

ஏலம்: மலிந்த விலையும் கட்டாத நிலையமும்

இன்று பெரும்பாலான நாடுகள் விலையை அரசு நிர்ணயிக்காமல் ஏலம் விடுகின்றன. விலை குறைவது உண்மை. ஆனால் ஏலத்தில் ஜெயிப்பதும் கட்டுவதும் ஒன்றல்ல. பிரிட்டன் 1990களில் நடத்திய ஐந்து சுற்று ஏலங்களில் ஒப்பந்தமான திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எழுந்தது. கட்டாவிட்டால் அபராதம் இல்லை, கட்ட நீண்ட அவகாசம் உண்டு, நில அனுமதி முன்கூட்டித் தேவையில்லை. எனவே எதிர்கால விலைச்சரிவை இப்போதே பந்தயமாக வைத்து மலிவாகக் கேட்பது லாபகரமான உத்தியானது.

பல ஆண்டுகள் கழித்து ஜெர்மனி அதே குழியில் விழுந்தது. 2017இல் நிலக் காற்றாலை ஏலத்தில் குடிமக்கள் குழுக்களுக்கு உதவ நினைத்து, அவர்கள் கட்டட அனுமதி இல்லாமலே கேட்கலாம், முடிக்க நாலரை ஆண்டு என்று விட்டார்கள். மூன்று சுற்றுகளிலும் 90 சதவீதத்துக்கு மேல் அத்தகைய குழுக்களுக்கே போனது. அவற்றில் பலவற்றின் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. சந்தைக்கு வராத அடுத்த தலைமுறைக் காற்றாலையை மனதில் வைத்து விலை கேட்டிருந்ததால் சராசரி விலை யூனிட்டுக்கு 3.82 யூரோ சென்ட் வரை இறங்கியது. 2019இல் புதிய நிறுவல் வறண்டது. 2018இலிருந்தே அனுமதிக் காகிதம் கட்டாயமாக்கப்பட்டிருந்தாலும், ஒதுக்கிய இடம் ஏற்கெனவே போய்விட்டது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பிரிட்டனின் 2023 ஏலத்தில் கடல் காற்றாலைக்கு 2012 விலைமட்டத்தில் ஒரு மெகாவாட்-மணிக்கு (1,000 யூனிட்டுக்கு) 44 பவுண்டு என்று உச்சவிலை வைத்தார்கள். எஃகும் வட்டியும் ஏறியிருந்த நேரம். ஒருவர்கூடக் கேட்கவில்லை. அடுத்த சுற்றுக்கு அதே மட்டத்தில் 73 பவுண்டாக உயர்த்தியதும் ஏலதாரர்கள் திரும்பினார்கள்.

மின்தொகுப்பு விதிகள்: யாரும் படிக்காத பக்கங்கள்

மானியத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் வாதம் நடக்கும். இணைப்பு விதியைப் பற்றி நடக்காது. எனக்கு அந்த விதிதான் அதிகக் கவலை தருகிறது. ஏனென்றால் அதில் உள்ள பிழை லட்சக்கணக்கான இயந்திரங்களுக்குள் ஒரே மாதிரியாகப் பதிந்துவிடும்.

ஜெர்மனியில் கூரைச் சோலார் அபூர்வமாக இருந்த காலத்தில் எழுதிய விதி, இயல்பாக 50 ஹெர்ட்ஸில் இருக்கும் தொகுப்பின் அதிர்வெண் 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால், பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும் என்றது. கூரைகள் சொற்பமாக இருந்தவரை அது நல்ல பாதுகாப்பு. 2011 முடிவில் அங்கே சுமார் 25,000 மெகாவாட் சோலார். வெயில் நாளில் ஒரு கோளாறால் அதிர்வெண் 50.2ஐத் தொட்டால் பல்லாயிரம் மெகாவாட் ஒரே நொடியில் விழும். ஐரோப்பியக் கண்டத் தொகுப்பு முழுமைக்கும் திடீர் இழப்பை ஈடுகட்ட வைத்திருக்கும் உடனடி இருப்பு 3,000 மெகாவாட்தான். அதன் பிறகு இருட்டுதான். 2012இல் தனி ஆணை போட்டு, 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சுமார் 3,15,000 நிலையங்களுக்கு ஆள் அனுப்பி அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. புதிய விதிப்படி 50.2க்கு மேல் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் 40 சதவீதம் என்ற சரிவில் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே போய், 51.5இல்தான் துண்டிக்க வேண்டும். மென்பொருளில் ஒரு வரி. முதலிலேயே எழுதியிருந்தால் செலவே இல்லை.

2016 ஆகஸ்டில் தெற்குக் கலிபோர்னியாவின் காட்டுத்தீயில் உயரழுத்தக் கம்பிகளில் பழுது ஏற்பட்டபோது சுமார் 1,200 மெகாவாட் சோலார் காணாமல் போனது. தொகுப்பின் அதிர்வெண் உண்மையில் பெரிதாக இறங்கவில்லை. பழுதின்போது அலைவடிவம் சிதைந்ததை, பல இன்வெர்ட்டர்கள் அதிர்வெண் (அங்கே இயல்பு 60) 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டதாகத் தவறாகக் கணித்து உடனே துண்டித்துக்கொண்டன. வேறு சில, மின்னழுத்தம் குறைந்ததும் கொஞ்ச நேரம் உற்பத்தியை நிறுத்திக்கொண்டன. கணிப்புக்குச் சில நொடி தாமதம் சேர்ப்பதே மருந்தாக இருந்தது. "எப்போது துண்டிக்கலாம்" என்று விதி சொல்லியிருந்தது. "எப்போது துண்டிக்கக் கூடாது" என்று சொல்லவில்லை. உற்பத்தியாளர்கள் பாதுகாப்பான பக்கம் என்று நினைத்துச் சீக்கிரம் துண்டித்தார்கள்.

கம்பியின் கதை இன்னும் எளிது. காற்றாலைத் தொகுதி ஓரிரண்டு ஆண்டில் எழும், உயரழுத்தத் தடம் ஐந்து ஆண்டுக்கு மேல் எடுக்கும். நிலையம் இல்லாமல் தடத்துக்கு அனுமதி இல்லை, தடம் இல்லாமல் நிலையத்துக்குக் கடன் இல்லை. டெக்சாஸ் 2005இல் சட்டம் போட்டு, காற்று வளமுள்ள மண்டலங்களை முதலில் அறிவித்துத் தடத்தை முன்னதாகக் கட்டியது. ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் நீளத் தடங்கள், சுமார் 700 கோடி டாலர். 2009இல் டெக்சாஸ் காற்றாலைகள் தரக்கூடிய மின்சாரத்தில் சுமார் 17 சதவீதம் வாங்கப்படாமல் வீணானது. தடங்கள் முடிந்த 2014 வாக்கில் அது ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கியது. வரிசையைத் தலைகீழாக்கிய சீனாவின் கன்சு மாநிலத்தில் 2016இல் காற்று மின்சாரத்தின் 43 சதவீதம் முடக்கப்பட்டது.

உள்நாட்டு உற்பத்தி நிபந்தனை பற்றிச் சுருக்கமாக ஒன்று. இந்தியாவின் தேசிய சூரிய இயக்கத்தின் முதல் கட்டம் படிக சிலிக்கான் பேனல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும் என்றது, மெல்லிய பூச்சாகச் செய்யும் மென்படலப் பேனலுக்கு விலக்கு அளித்தது. உலகச் சந்தையில் படிக சிலிக்கான் கோலோச்சிய காலத்தில், அந்தக் கட்டத்தின் நிலையங்களில் மென்படலம் பெருவாரியாக இறக்குமதியானது. எந்தத் தொழிலைக் காக்க விதி எழுதப்பட்டதோ அது ஓரத்தில் நின்றது.

ஹைட்ரஜன்: மாதமா, மணியா?

இப்போது இதே கேள்வி பசுமை ஹைட்ரஜனில் வந்து நிற்கிறது. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வந்தது என்று எந்தக் கால அளவில் கணக்குக் காட்ட வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 விதிப்படி 2029 முடியும்வரை மாதக் கணக்கு போதும். 2030 தொடக்கத்திலிருந்து மணிக்கு மணி பொருந்த வேண்டும்.

கணக்குப்பிள்ளை விவகாரம்போலத் தெரியும் இந்த ஒரு சொல், தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்புக் கலத்தின் உள்ளே வரை போகிறது. மாதக் கணக்கில் கலம் இரவும் பகலும் சீராக ஓடலாம். நடு இரவில் எடுத்த மின்சாரத்தை நடுப்பகல் சோலார் ஈடுகட்டிவிடும். சீரான ஓட்டத்துக்கு மலிவான காரக் கலம் போதும்: 25 முதல் 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், நிக்கல் மின்முனை, நடுவே நுண்துளைத் தடுப்பு. மணிக் கணக்கு வந்தால் கலம் காற்றோடு ஏறி இறங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சுமை குறையும்போது ஆக்சிஜன் உற்பத்தி குறையும், ஆனால் தடுப்பைக் கடந்து கசியும் ஹைட்ரஜன் அதே விகிதத்தில் குறையாது. ஆக்சிஜன் பக்கத்தில் ஹைட்ரஜனின் பங்கு ஏறிக்கொண்டே போகும். 4 சதவீதத்தில் வெடிக்கும் கலவை ஆகிவிடும் என்பதால் 2 சதவீதத்திலேயே அமைப்பு தானாக நிற்கும்படி வைக்கிறார்கள். பல காரக் கலங்களால் முழுச் சுமையில் 20, 30 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து ஓட முடியாததற்கு இதுவே காரணம். அடிக்கடி நிறுத்தினால் எதிர்மின்னோட்டம் பாய்ந்து மின்முனைகள் சீக்கிரம் கெடும். கரைசலுக்குப் பதில் பாலிமர் சவ்வு வைத்த சவ்வுக் கலம் இன்னும் தாழ்ந்த சுமையில் இறங்கும், ஆனால் அதற்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில டன்தான் கிடைக்கும் உலோகம் அது.

கலத்தின் ஆயுள் பதினைந்து, இருபது ஆண்டு. இன்று ஐரோப்பாவில் ஆர்டர் செய்யப்படும் கலம் மாதக் கணக்கில் ஓடுவது சில ஆண்டுகள்தான், மீதிக் காலம் முழுவதும் மணிக் கணக்கில். வாங்கும் ஒப்பந்தத்தில் இன்று கேட்டு வாங்க வேண்டிய எண்கள் மூன்று: தொடர்ந்து ஓடக்கூடிய குறைந்தபட்சச் சுமை எத்தனை சதவீதம், அந்தச் சுமையில் ஆக்சிஜனில் ஹைட்ரஜன் அளவு எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினாலும் உத்தரவாதம் செல்லும். முழுச் சுமையில் கலத்தின் செயல்திறனை மட்டும் ஒப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுத்தவருக்கு, 2030 ஜனவரியில் காற்று தணியும் முதல் இரவிலேயே கலத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.